மஞ்சள் தடவிய பச்சைச் சட்டை

கீரன் சாப்பாட்டு அறைக்குள் மூன்று அடிதான் வைத்திருப்பார். அப்படியே நின்றுவிட்டார். தோளில் ஒரு சின்னப் பை, கையில் மழைக்கோட்டு. பார்வை மட்டும் எதிர்ச் சுவரில்.

சுவரில் ஒரு பச்சைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பந்து விளையாடுகிறவர்கள் போடும் சட்டை. அதை அன்று காலை மாட்டியவள் நான்தான். சுருக்கம் இல்லாமல் மினுக்கி, தோள் இரண்டும் நேராக நிற்கும்படி பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தேன்.

கீரனுக்குப் பின்னால் ஊன்றுகோல்களில் வந்த தம்பி டெர்மட்டும் சட்டையைக் கண்டார். அவருடைய முகம் வெளிறிப் போனது. குசினியில் கோழிக்கறி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தண்ணீர்ச் சாடியோடு நடு அறையில் நின்றேன். அதை எங்கே வைப்பதென்றுகூட எனக்கு ஓடவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பச்சைச் சட்டைகள் இருந்தன. ஒன்று சுவரில் தொங்க வேண்டும். மற்றது அண்ணனின் கண்ணில் படாமல் மேல்தட்டுக்குள் போக வேண்டும். ஒளிக்க வேண்டியதைச் சுவரில் மாட்டிவிட்டேன் என்று அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது.

பத்து வருடத்துக்கு மேலாகப் பேசாமல் இருந்த அண்ணன் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தம்பியின் வீட்டு வாசலை மிதித்திருந்தார். அவர் வந்த சுற்றுலாக் கப்பல் மாலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தை விட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் கெடுத்தது என் கை.

ஒரு தீவு, இரண்டு அணி

இந்தத் தொடரில் சினியோராக்களை, அதாவது நான் வேலை செய்த வீட்டு எசமானிகளைப் பற்றியே எழுதுகிறேன், அந்த வீடுகளில் ஆம்பிளைகளே இல்லையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தார்கள். அனேகமாகக் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களைக் கழுத்துப்பட்டி அழுக்கிலும் காலுறை ஓட்டையிலும்தான் அறிந்து வைத்திருந்தேன்.

டெர்மட் ஒருவர்தான் விதிவிலக்கு. பலேர்மோவின் லிபெர்த்தா பகுதியில், மூன்றாம் மாடியில் வீடு. சினியோரா மருந்துக்கடை வைத்திருந்தார். டெர்மட் அயர்லாந்துக்காரர். விளையாட வந்த இடத்தில் கல்யாணம் கட்டி இங்கேயே தங்கி, சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார். நாற்பது வயதுக்குள் முழங்காலை மூன்று தரம் வெட்டித் தைத்தாயிற்று. அந்த வருடம் மூன்றாவது தரம் வெட்டியபின் வீட்டிலேயே கிடந்தார்.

நான் கிழமையில் மூன்று நாள் போவேன். கூட்டித் துடைத்து, உடுப்பு மினுக்கி, சமைத்து வைத்துவிட்டு வருவேன். என் கோழிக்கறியில் மனிதருக்கு அப்படியொரு ஆசை. அவருக்காகவே அந்தக் குசினியில் ஒரு மிளகாய்த்தூள் போத்தலும் ஒரு மஞ்சள் போத்தலும் வைத்திருந்தேன். சினியோரா இரண்டையும் தொடமாட்டார்.

எனக்குப் பந்து விளையாட்டைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாது. என் மகள் கோலைக் காக்கும் கோலியாக நின்று விளையாடுகிறவள் என்றாலும், நான் மைதானத்துக்குப் போனால் அவளுடைய முட்டிக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்தது துணி.

ஆகவே டெர்மட் அந்த இரண்டு சட்டைகளையும் மேல்தட்டிலிருந்து இறக்கச் சொன்னபோது, ஒரே சட்டையில் ஏன் இரண்டு என்று கேட்டேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நான் சட்டைகளைத் தோய்க்கப் போட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து, கதையைச் சொன்னார்.

அயர்லாந்து ஒரு தீவு. எங்கள் இலங்கையைப் போல அதிலும் வடக்கு ஒரு மாதிரி, தெற்கு ஒரு மாதிரி. வடக்குக்கு ஒரு தேசிய அணி, தெற்குக்கு இன்னொன்று. இரண்டும் பச்சைதான் போடும். இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்ணில் காட்டக்கூடாது. டெர்மட்டும் அண்ணன் கீரனும் வடக்கில் பிறந்தவர்கள். இருவரும் சின்ன வயதிலிருந்தே வடக்கின் அணியில் விளையாடினார்கள். கீரன் கோலி. டெர்மட் முன்னால் ஓடிக் கோல் போடுகிறவர்.

ஆனால் வடக்கிலும் இரண்டு வகைச் சனம். இவர்களுடைய சனம் தெற்கைத்தான் தங்கள் நாடென்று நினைக்கிறவர்கள். சொந்த அணியின் ரசிகர்களே இவர்களைக் கூவித் திட்டுவார்களாம். கீரன் அதைக் காதில் வாங்காமல் நின்றார். டெர்மட்டால் முடியவில்லை. பெரியவர்களின் அணியில் இரண்டு நட்பு ஆட்டம் ஆடியபின், தெற்கின் அணி கூப்பிட்டது. போய்விட்டார். நட்பு ஆட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லையாம், அதனால் மாறுவதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

"சட்டத்தில் இடம் இருந்தது. வீட்டில் இருக்கவில்லை" என்றார் டெர்மட்.

அவர்களுடைய தாயின் வீட்டுச் சுவரில் யாரோ சாயத்தால் எழுதிவிட்டுப் போனார்கள். கீரனுக்கு உடுப்பு மாற்றும் அறையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. "தம்பி ஓடிவிட்டான், நீ எப்போது?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார்களாம். கீரன் ஓடவில்லை. அந்த அறையில் தனியாக நின்று பிடித்தார்.

பிறகு ஒரு நாள் வடக்கும் தெற்கும் மோதின. கடைசி இருபது நிமிடத்துக்கு டெர்மட்டை இறக்கினார்கள். எதிரே கோலில் அண்ணன். ஆட்டம் ஒரு கோலும் இல்லாமல் முடிந்தது. முடிந்ததும் இரு பக்கத்தாரும் சட்டை மாற்றிக்கொள்வது வழக்கம். டெர்மட் தன் சட்டையைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். கீரன் அதைத் தொடாமல் பக்கத்தால் நடந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது.

நீட்டிய கையோடு திரும்பி வந்த அந்தச் சட்டைதான் தெற்கின் சட்டை. மேல்தட்டில் ஒளிக்க வேண்டியது அதைத்தான். சுவருக்கு வடக்கின் சட்டை.

என் அலுமாரியில் ஒரு சிங்கம்

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் வீட்டுக்குப் போய்விட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு சட்டை ஒளிந்திருந்தது. விரிப்புகளுக்கு அடியில், கடதாசி உறையோடு. நெஞ்சில் சிங்கம் பொறித்த இலங்கை அணியின் சட்டை.

என் மகள் ஆரணி பலேர்மோவில் பிறந்தவள். பதினேழு வயதில் எங்கள் ஈழத்தமிழ்ச் சனத்தின் அணிக்காக விளையாடினாள். நாடில்லாத சனங்களின் அணிகள் சேர்ந்து ஆடும் ஒரு போட்டி, வேறொரு நாட்டில் நடந்தது. சிவப்புச் சட்டை. அது தபாலில் வந்த அன்று என் வீட்டுக்காரர் மகேந்திரன் வேலைக்கே போகவில்லை.

எங்கள் வீட்டில் புது உடுப்பு எது வந்தாலும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் உடுத்துவோம். அதைச் செய்கிறவர் இவர். குளித்து, திருநீறு பூசி, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பெருவிரலால் தடவுவார். ஆளுக்குச் சின்னதாகப் பொட்டு வைக்கத் தெரியாது. நான் பிறகு மூன்று நாள் வெயிலில் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சிவப்புச் சட்டைக்கும் அப்படித்தான் தடவினார்.

சாமித் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இவருடைய தம்பி தயாவின் படம். ஊரில் இராணுவத்தோடு நடந்த கடைசிச் சண்டைக்குப் பிறகு தகவல் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் அந்தப் படத்துக்கு நாங்கள் இன்னும் மாலை போடவில்லை. ஆரணி சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

பிறகு அந்த அணிக்கு ஆட்டமே வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். இங்கே அவள் ஒரு சின்னக் கழகத்தில் நின்று விளையாடிக்கொண்டிருந்தாள். இத்தாலியக் குடியுரிமைப் பேப்பர் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. கையில் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட். அதைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பெண்கள் அணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் தேடுகிறார்களாம். கூடவே சட்டையும் வந்தது.

பிள்ளை தகப்பனிடம் சொல்லத்தான் நினைத்தாள். தடுத்தது நான். "ரோமிலை பயிற்சி முகாம் எண்டு சொல்லு. போட்டு வந்த பிறகு பாப்பம்" என்றேன். பிறகு பார்ப்போம் என்று சொல்லியே முப்பது வருடக் குடும்பத்தை ஓட்டியவள் நான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அம்மா, பொய் சொல்லிப்போட்டுப் போய் நான் எப்பிடிக் கோல்லை நிக்கிறது?"

"நிண்டால் நிக்கலாம். உன்ர அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் ஆர் பாக்கிறது?"

இவருக்கு நெஞ்சுவலி ஒரு நாளும் வந்ததில்லை. துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து நின்றால், அது திரும்பப் புறப்படுவதற்குள் இருபது அறை கழுவித் துடைக்கிற மனிதர். ஆனால் அந்தச் சிங்கத்தை அவருக்கு முன்னால் வைக்க எனக்குப் பயம். தயாவின் படத்துக்கு முன்னால் வைக்க அதைவிடப் பயம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். கீரன் சாப்பிட வந்தது வியாழக்கிழமை.

என் கை செய்த பிழை

எழுத்துப் பதித்த சட்டைகளை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் தோய்க்க வேண்டும், மினுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து சூட்டில் இளகி ஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்துவிடும். ஆகவே புதன்கிழமை நான் மினுக்கும்போது இரண்டு சட்டைகளும் உள்பக்கம் திரும்பிக் கிடந்தன. நெஞ்சில் இருக்கும் சின்னம் தெரியாது. உள்ளுக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை.

டெர்மட் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்து, புரட்டிப் பார்த்து ஒரு சட்டையில் கை வைத்தார்.

"இது மேலே போக வேண்டும். அவன் காணக்கூடாது. மற்றதைச் சாப்பாட்டு அறையில் மாட்டு. நான் அதை மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரியட்டும்."

மூன்று வீட்டு உடுப்பு என் கையால் போகிறது. மாறாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் ஒரு நிற நூலால் ஒரு தையல் போட்டு வைப்பேன். அன்று நூல்பெட்டி என் வீட்டில் கிடந்தது. அடுத்த நாள் சமையலுக்குக் கோழிக்கு மசாலா பிரட்டிவிட்டு வந்த கை. சரி, அடையாளத்துக்கு இது போதும் என்று, மேலே போக வேண்டிய சட்டையின் உள்ளோரத்தில் மஞ்சளால் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். வெயிலில் போட்டால் போய்விடும்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டையும் மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை நான் சட்டையை எடுக்கப் போகும்போது ஆரணி தொலைபேசியில் வந்தாள்.

"அம்மா, அப்பா அலுமாரியைத் திறந்து விரிப்பு எடுத்தவராம். என்னட்டைக் கேக்கிறார், போர்வை எங்கையெண்டு. கண்டிட்டாரோ?"

"கண்டிருந்தால் போர்வையைக் கேப்பாரே? நீ பேசாமல் வேலைக்குப் போ."

பேசாமல் இரு என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன், என் நெஞ்சு பேசாமல் இருக்கவில்லை. காதில் தொலைபேசி, மனம் அலுமாரியில். கை மட்டும் தன்பாட்டில் கதிரையில் தேடியது. சட்டை ஓரத்தில் மஞ்சள் பட்டது. எடுத்துத் திருப்பி, உதறி, மாட்டினேன். மற்றதை ஏணியில் ஏறி மேல்தட்டில் திணித்தேன். டெர்மட் அதற்குள் அண்ணனைக் கூட்டிவரத் துறைமுகத்துக்குப் போயிருந்தார்.

ஐம்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். மஞ்சள் இருந்தால் அது உடுத்துகிற உடுப்பு. நேற்று வைத்த அடையாளத்துக்கு நேர் எதிராக என் கை நடந்துகொண்டதை நான் கவனிக்கவேயில்லை.

சுவருக்கு முன்னால்

கீரன் பையைத் தரையில் வைத்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, ஆனால் யார் மாட்டியது என்று கேட்கிறார் என்பது விளங்கியது.

வாய் சும்மா இருக்காத பிறவி நான். தண்ணீர்ச் சாடியை மேசையில் வைத்துவிட்டு இத்தாலியனில் டெர்மட்டிடம் சொன்னேன்: "என் பிழை என்று அவருக்குச் சொல்லுங்கள். நான் மாற்றி மாட்டிவிட்டேன். இப்போதே இறக்குகிறேன்."

"விடு, வசந்தி" என்றார் டெர்மட்.

நான் விடவில்லை. சட்டையை இறக்கப் போனேன். கீரன் எனக்கு முன்னால் போய்விட்டார். இறக்கப் போகிறாரா, கிழிக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தன. சட்டையின் ஓரத்தைப் பிடித்தார். உட்பக்கத்தைத் திருப்பினார். மஞ்சள் பொட்டு அவருடைய விரலுக்கு நேரே வந்தது.

அது என்னவென்று கேட்டார். டெர்மட் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கம், உங்கள் வரவுக்காக நன்மை வேண்டி வைத்தேன் என்று சொல்லியிருந்தால் பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். மூன்று கிழமையாக வீட்டில் பொய்யைச் சுமந்து எனக்கு அலுத்திருந்தது.

"அது அடையாளம். ஒளிக்க வேண்டிய சட்டை எதுவென்று தெரிவதற்கு நான் வைத்தது" என்றேன்.

டெர்மட் அதை மொழிபெயர்த்தார். சொன்ன பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கீரன் அவரை நோக்கித் திரும்பினார். அவர்கள் பேசியதை டெர்மட் எனக்குப் பிறகுதான் வரிவரியாகச் சொன்னார். அப்போது நான் கண்டது, அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்ததையும் தம்பி ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்ததையும்தான்.

"இதை ஒளிக்கப் பார்த்தாயா?"

"உனக்குக் கோபம் வருமென்று."

"கோபம் இப்போதும் இருக்கிறது. அந்த அறையில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் வானொலியில் கேட்டேன்."

"தெரியும்."

"மற்றச் சட்டை என் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? இதை வாங்காமல் போனதற்குத்தான் அம்மா சாகும்வரை என்னை ஏசினாள்."

அறையில் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. கீரன் கதிரையை இழுத்து, சட்டைக்கு நேரே பார்த்தபடி உட்கார்ந்தார். கறி மணக்கிறது, சாப்பிடலாமா என்று கேட்டார். நான் குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டிலும் சண்டை பிடித்தார்கள். பழைய ஆட்டம் ஒவ்வொன்றாக வந்தது. இடையிடையே கீரன் மேசையைத் தட்டினார். இரண்டு தரம் சோறு வாங்கினார். நான்கு மணிக்கு எழும்பி, சுவரில் இருந்த சட்டையைத் தானே இறக்கி, மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இந்த மஞ்சள் போகுமா?" என்று டெர்மட் மூலம் என்னிடம் கேட்டார்.

"இரண்டு நாள் வெயிலில் போட்டால் போய்விடும்."

"எங்கள் ஊரில் இரண்டு நாள் வெயிலா? அப்படியென்றால் இருக்கட்டும்" என்றார்.

மேசையில்

அன்று பேருந்தில் வரும்போது எனக்கு என்மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனிதருக்குச் சட்டை வலிக்கவில்லை. ஒளித்ததுதான் வலித்தது. அதை அந்நிய வீட்டில் கண்ணால் கண்ட பிறகும் என் வீட்டு அலுமாரியை எப்படித் திறக்காமல் இருப்பது?

இவர் வேலையால் வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆரணி இன்னும் வரவில்லை. நான் உறையைக் கொண்டுவந்து, சட்டையை எடுத்து மேசையில் விரித்தேன். சிங்கம் அவரைப் பார்த்தபடி கிடந்தது.

"உதென்ன?"

"ஆரணிக்கு வந்தது. அவள் ரோமுக்குப் போகேல்லை. கொழும்புக்குப் போறாள். ஒளிச்சு வைச்சது நான். பிள்ளையிலை பிழையில்லை."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமையா உந்த அறையிலைதான் நான் படுத்து எழும்புறன்" என்றார்.

அதற்குள் ஆரணி வந்துவிட்டாள். மேசையைக் கண்டதும் கதவிலேயே நின்றாள். பிறகு பையை இறக்கிவிட்டு அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். என்னைப் போல இல்லை அவள். பந்துக்கு நேரே போகிறவள்.

"நீ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிக்கேக்கை நான் அழுதனான். தெரியுமோ?" என்றார் இவர்.

"தெரியும் அப்பா. நானும்தான் அழுதனான்."

"பிறகு என்னத்துக்கு உது?"

"மூண்டு வருஷமா ஒரு மேட்ச் இல்லை. நான் கோலி. பந்து வராமல் எத்தினை வருஷம் நிக்கிறது?"

"அதுக்காக? தயான்ர படத்துக்கு முன்னாலை உதைப் போடுவியோ?"

ஆரணி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனை நேரே பார்த்துக் கேட்டாள்.

"நீங்கள் பெர்மெஸோ புதுப்பிக்கக் கொஸ்தூராவுக்குப் போகேக்கை, நாடு எண்ட இடத்திலை என்ன எழுதுறனீங்கள்?"

"அது பேப்பர்."

"இது சட்டை. முதுகிலை என்ர பேர் இருக்கு. அது தமிழ்ப் பேர். அதை ஆரும் அழிக்கேலாது."

பெர்மெஸோ என்கிற அந்த வதிவிட அனுமதிக்காக நாங்கள் கொஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தின் வரிசையில் நின்ற காலைகளை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் நாடு என்ற கட்டம் வந்ததும் இவருடைய பேனை நிற்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு எழுதுவார். அதை மகளும் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவர் எழும்பினார். சோறு அப்படியே கிடந்தது. "எனக்கு ஏலாது பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது, இருவர்மேலும் பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

வெள்ளியும் சனியும் எங்கள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். இவர் தன் கோப்பையைத் தானே கழுவினார். அது எங்கள் வீட்டில் பெரிய கோபத்துக்கு அடையாளம்.

சனிக்கிழமை தமிழ் விளையாட்டுக் கழகத்தில் இருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கதை எப்படியோ வெளியில் போயிருந்தது. "மகேந்திரண்ணை, கேள்விப்பட்டது மெய்யோ?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"என்ர வீட்டுக் கதையை நான் பாக்கிறன்" என்று இவர் வைத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்களுக்குச் சாதகமா பாதகமா என்று நான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை இவருக்கு வேலை இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆரணி விடியவே எழும்பி உடுத்து, தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். தகப்பன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பயணப் பை கூடத்தில் சாமித் தட்டுக்குக் கீழே கிடந்தது. முதல் நாளே நான் சட்டையை மினுக்கி, உட்பக்கம் வெளியே இருக்க மடித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன்.

இவர் குளித்துவிட்டு வந்தார். குசினியில் ஏதோ உருட்டினார். தேத்தண்ணி ஊற்றுகிறார் என்று நினைத்து, நான் அறையிலேயே இருந்தேன். முகத்துக்கு முகம் பார்த்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் இறங்கும் சத்தமும் கேட்டது.

ஆரணி கட்டிலில் இருந்து எழும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"ஒரு சொல்லுச் சொல்லேல்லை அம்மா. ஏசிப்போட்டாவது போயிருக்கலாம்."

நான் என்ன சொல்வது? ஒளித்து வைத்துக் காரியத்தைக் கெடுத்தவள் நான். அவளுடைய தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும்பி முகம் கழுவினாள்.

"அமுனீ, அம்மா" என்றாள். போகலாம் என்பதை அவள் எப்போதும் இந்த ஊர்ப் பேச்சில்தான் சொல்வாள்.

முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் வைக்க மறந்திருந்தேன். அதை எடுக்கக் குசினிக்குப் போனேன். தேத்தண்ணிக் கேத்தல் குளிர்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள் போத்தல், மூடி திறந்தபடி.

கூடத்துக்கு வந்து பையைத் திறந்தேன். நான் மடித்து வைத்த சட்டை மேலேதான் இருந்தது. ஆனால் அது என்னுடைய மடிப்பு இல்லை. ஓரம் கோணலாக, ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே என்று, துணி மடிக்கத் தெரியாத ஆள் மடித்த மாதிரி இருந்தது. விரித்தேன். உள்ளோரத்தில் ஒரு பெருவிரல் நீளத்துக்கு மஞ்சள்.

ஆரணி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா அம்மா?"

நான் என் இரண்டு கைகளையும் அவளுக்கு விரித்துக் காட்டினேன். அவள் விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். மஞ்சள் இன்னும் காயவில்லை.